ஆற்றுப்படையும் சுவைநடையும்

பரிசில் பெற்று மீளும் கலைஞன் ஒருவன், வறுமையோடு எதிரே வரும் மற்றொரு கலைஞனைக் கண்டு, தான் சென்ற வழியையும், அவ்வழியிற் கிடைக்கும் உணவையும், வழியின் முடிவில் வீற்றிருக்கும் வள்ளலையும் எடுத்துரைப்பது ஆற்றுப்படை. கூத்தர், பாணர், பொருநர், விறலியர் ஆகிய நால்வர்க்கும் உரியதாகத் தொல்காப்பியம் இதனை வகுக்கின்றது. பத்துப்பாட்டில் ஆற்றுப்படைகள் ஐந்து. அவற்றுள் திருமுருகாற்றுப்படை இறைவனிடம் வழிப்படுத்துவது. எஞ்சிய நான்கும் மண்ணில் நடக்கும் வழியையும் அவ்வழியில் உண்பதையும் பருகுவதையும் பேசுவன.

இன்று உலகின் பழம்பெரு நகரங்கள் பலவற்றில், வழிகாட்டி ஒருவரின் பின்னே பத்துப் பதினைந்து பேர் தெருத்தெருவாய் நடந்து, கடைதோறும் நின்று, சிற்றாலைகளில் வடித்த பியரைச் சிறு கண்ணாடிக் குவளைகளிற் சுவைத்து, இடையிடையே நகரத்தின் வரலாற்றைக் கேட்டுச் செல்லும் வழக்கம் பரவியுள்ளது. இதனைச் சுவைநடை எனலாம். சிங்கப்பூரிலும் ஆற்றோரத்துப் படகுத்துறைகள், சைனாடவுன், ஜாலான் புசார், லிட்டில் இந்தியா ஆகிய வட்டாரங்கள் இத்தகைய நடைக்கு வாய்ப்பானவை. வழியும் வழிகாட்டியும் உண்டு. நிலத்துக்கு நிலம் மாறும் பானமும் உண்டு. மேலோட்டமாக நோக்குவார்க்கு இது புதுக்காலத்து ஆற்றுப்படை என்றே தோன்றும். அத்தோற்றம் எவ்வளவு தூரம் செல்லும் என்று ஆராய்தல் தகும். வழிகாட்டி பேசுவதும் ஓர் உரையே. உரையென்றால் அது திறனாய்வுக்கு உரியதே.

முதலில் பழைய வழியைப் பார்ப்போம். கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படை 500 அடிகளால் ஆனது. காஞ்சியில் இருந்த தொண்டைமான் இளந்திரையனிடம் பாணனை அனுப்புவது. இடையில் எயினர், கோவலர், உழவர், வலைஞர், அந்தணர் எனப் பலர் குடியிருப்புகள் வருகின்றன. ஒவ்வோர் இடத்திலும் என்ன கிடைக்கும் என்பதைப் புலவர் கணக்குத் தப்பாமல் சொல்கிறார். கரும்பாலையில், வேண்டுவோர்க்குக் கருப்பஞ்சாறு உண்டு. கள் பருகாதாரையும் அவர் மறக்கவில்லை. அந்தணர் இல்லத்தில் கள் இல்லை. வெண்ணெயில் வெந்த மாதுளங்காயும் மாவடு ஊறுகாயும் சோற்றோடு வருகின்றன. வலைஞர் குடிக்கு வந்ததும் புலவரின் நடை சற்றே நிற்கின்றது. அங்கே நறும்பிழி என்னும் அரிசிக்கள் வடிக்கும் முறையையே அவர் பாடிவிடுகிறார்.

அம்முறை வருமாறு. குற்றித் தீட்டாத அரிசியைக் களியாகத் துழாவிக் கூழாக்குகின்றனர். அகன்ற வாயையுடைய தட்டில் அதனை ஊற்றி உலர ஆற்றுகின்றனர். பாம்பு வாழும் புற்றினுள்ளே காணப்படும் புற்றாஞ்சோற்றைப் போன்ற புறத்தோற்றமுடைய நல்ல அடையைக் கலக்கின்றனர். இரண்டு பகலும் இரண்டு இரவும் கழிகின்றன. வலிய வாயையுடைய சாடியில் அது முற்றி விளைகின்றது. பிறகு விரலால் அலைத்து அரித்து எடுக்கின்றனர். சுட்ட மீனோடு, நடந்து தளர்ந்து வரும் பாணர்க்கு அது வழங்கப்படுகின்றது.

இதிலுள்ள 'அடை' என்னும் சொல்லுக்கு இருவகையாகப் பொருள் காண இடமுண்டு. முளைவிட்ட நெல்லை இடித்துச் சேர்த்ததாகக் கொண்டால், பியர் வடிப்போர் வாற்கோதுமையை முளைக்கவைத்து உலர்த்தி மால்ட் ஆக்கும் செயலும் இதுவும் ஒன்றே. முளைக்கும் தானியத்தில் தோன்றும் நொதிப் பொருள் மாவைச் சர்க்கரையாக்க, நுண்ணுயிர் அச்சர்க்கரையை மதுவாக்கும். புளிப்பேற்றும் வில்லை என்று கொண்டால், சிங்கப்பூர் வாசகர்க்கு விளக்கம் இன்னும் அருகில் உள்ளது. மலாய்ப் பெண்கள் சோற்றையோ மரவள்ளியையோ புளிக்கவைத்துத் 'தாப்பாய்' செய்வதற்குத் தூவும் வெண்ணிற 'ராகி' வில்லை சந்தையிற் கிடைக்கும் பொருள். புற்றாஞ்சோறு என்ற உவமை, நுண்துளைகள் நிறைந்து பூஞ்சை படர்ந்த ஒன்றையே கண்முன் நிறுத்துவதால், இரண்டாம் பொருளும் எளிதில் தள்ளத்தக்கதன்று. எப்பொருள் கொண்டாலும், தானியத்திலிருந்து மது வடிக்கும் கலையை ஓரெழுத்தும் வீணாக்காமல் ஏழெட்டு அடிகளிற் சொன்ன தமிழ்ப் புலவர் ஒருவர் இருந்தார் என்பது மாறாது. இப்பகுதியை வகுப்பிற் கேட்ட மாணவர் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தால் விரல்கள் மிஞ்சும்.

சிறுபாணாற்றுப்படையில் நத்தத்தனார் எயிற்பட்டினத்தைப் பாடும்போது, நுளையர் மகள் அரித்த பழைய தேறலைப் பரதவர் விருந்தினர்க்கு அளிக்கின்றனர். நன்னனைப் பாடிய மலைபடுகடாமில் மூங்கிற் குழாயில் ஊற்றி விளையவைத்த தேன்தேறல் வருகின்றது. அதனைக் குறைவின்றிப் பருகியவர்க்கு மறுநாள் விடியலில் ஏற்படும் மயக்கம் தீர என்ன உண்ணவேண்டும் என்பதையும் பெருங்கௌசிகனார் சேர்த்தே சொல்கிறார். வழிகாட்டி என்றால் இப்படியன்றோ இருத்தல் வேண்டும்! நெய்தலில் நெல், மலையில் தேன். அந்தந்த நிலம் எதைத் தருகிறதோ அதுவே அந்தந்தச் சாடியில் விளைகிறது. அரிப்பவர் பெரும்பாலும் பெண்டிர். பெரும்பாணாற்றுப்படையின் துறைமுகப் பகுதியில், கள் அடும் மகளிர் வட்டில் கழுவிய நீர் வழிந்து சேறாகி, அச்சேற்றிற் பன்றிகள் புரள்வதையும் புலவர் காண்கிறார். கொல்லைப்புறத்துச் சாக்கடையையும் கண்ட கண் அது.

இனி, சுவைநடைக்கு வருவோம். சிங்கப்பூரில் அதன் உரை வழக்கமாகத் தொடங்கத்தக்க ஆண்டு 1932. பிரேசர் அண்ட் நீவ் நிறுவனமும் ஹைனெகன் நிறுவனமும் கூடி அமைத்த மலாயன் புரூவரீஸ், அவ்வாண்டில் அலெக்ஸாண்டிரா சாலையில் ஆலை திறந்து டைகர் பியரை வெளியிட்டது. மறு ஆண்டே ஜெர்மானியர் தொடர்புடைய ஆர்க்கிபெலகோ ஆலை ஆங்கர் பியரோடு போட்டிக்கு வந்தது. போர்க்காலத்தில், 1941இல், அது மலாயன் புரூவரீஸின் கைக்கு மாறியது. டைகரின் விளம்பரத் தொடரையே அந்தோனி பர்ஜெஸ் 1956இல் வெளியிட்ட தம் மலாயா நாவலுக்குத் தலைப்பாக்கினார். பின்னர் 1997இல் ஆற்றோரத்தில் புரூவர்க்ஸ் என்னும் சிற்றாலை வந்தது. 2010இல் மரினா பேயில் ஒரு மாளிகையின் முப்பத்துமூன்றாம் மாடியிலேயே பியர் வடிக்கத் தொடங்கினர். 2011இல் சைனாடவுன் காம்ப்ளெக்ஸ் உணவங்காடியில், மீன் தலைக்கறிக்கும் வாத்துச் சோற்றுக்கும் நடுவே, சிற்றாலை பியருக்கென ஒரு கடை எழுந்தது. இக்கதை உண்மையானது, சுவையானதும்கூட. உணவங்காடியில் பியர் விற்றவர்கள், உயர்ந்தோர்க்கென்றே கருதப்பட்ட ஒன்றைப் பலகை நாற்காலிக்குக் கொண்டுவந்தனர் என்ற பாராட்டு அவர்க்கு உரியது.

ஆயினும் ஒரு குறையை மறைத்தலாகாது. சுவைநடை 'இவ்வூரின் சுவை' என்று காட்டும் பானத்தின் வாற்கோதுமை இத்தீவில் விளைந்ததன்று. கசப்பூட்டும் ஹாப்ஸ் கொடி இவ்வெப்பத்தில் வளர்வதன்று. ஊரின் பங்காக மிஞ்சுவது குலா மலாக்காவும் பாண்டான் இலையும் எலுமிச்சைப்புல்லும். அவை கடைசியிற் சேர்க்கும் மணப்பொருள்களே. நிலம் சாடிக்குள் இல்லை. புட்டியின் மேலொட்டிய தாளில் இருக்கின்றது. இவ்வூர் நிலத்திலிருந்து நேரே இறங்கிய மது ஒன்று உண்டு. தென்னம்பாளையைச் சீவிக் கலயம் கட்டினால், சொட்டும் சாறு கலயத்திலேயே புளிக்கத் தொடங்கிவிடும். சுண்ணாம்பு தடவிய கலயமானால் பதநீர். தடவாவிட்டால் சில மணி நேரத்திற் கள். ஒருநாள் கடந்தால் காடி. வலிமையிற் பெரும்பாலும் பியரை ஒத்ததே. தொலைதூரம் கொண்டுசெல்ல இயலாத, புட்டிக்கு அடங்காத இந்தப் பானமே முழுமையாக நிலத்துக்குரியது. சுவைநடையின் உரையில் இக்கள்ளுக்கும் கள்ளுக்கடைக்கும் இடம் மிகவும் அரிதாகவே கிடைக்கிறது.

இவ்விடுபாட்டுக்குச் சுவைநடை மட்டும் பொறுப்பன்று. தமிழரே அக்கதையை மறக்க விரும்பினர். அதற்குக் காரணமும் இருந்தது. பிரித்தானியர் ஆண்ட மலாயாவில், உரிமம் பெற்ற கள்ளுக்கடை தோட்டத் தொழிலாளியின் கூலி சென்றடையும் இடமாக இருந்தது. தோட்டத்துக் கடைகள் நிர்வாகத்தின் கண்காணிப்பிலேயே நடந்தன. காலையில் கூலி கொடுத்த கையே மாலையில் அதனைத் திரும்பப் பெற்றது எனலாம். பெரியார் 1929ஆம் ஆண்டின் இறுதியில் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்தார். 1932இல் சிங்கப்பூரில் தமிழர் சீர்திருத்தச் சங்கம் தோன்றியது, 1935இல் கோ. சாரங்கபாணியின் 'தமிழ் முரசு' வெளிவரலாயிற்று. சீர்திருத்தம் பேசியோர்க்கு மது ஒழிப்பும் ஒரு கொள்கையாயிற்று. 1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு கள்ளுக்கடைகளை மூடுமாறும் கேட்டனர். 1947இல் கெடாவில் தொண்டர் படையினர் கள்ளுக்கடை மறியலில் இறங்கி அடக்குமுறைக்கு ஆளாயினர். குடிப்பவரே கடையை மூடு என்று கேட்ட வரலாறு இது. இதனைச் சொல்லாமல், 1932 என்றதும் ஆலையின் செப்புக் கொப்பரையை மட்டும் காட்டுவது பாதி வரலாறு. அதே ஆண்டில் அதே ஊரில் தோன்றிய சீர்திருத்தச் சங்கத்துக்கும் அவ்வுரையில் ஓரிடம் உண்டு.

இங்கே தமிழ் எழுத்தின் மீதும் ஒரு குறை கூறவேண்டியுள்ளது. சீர்திருத்தக் காலத்துச் சிறுகதைகளிலும் நாடகங்களிலும் கள்ளுக்கடை பெரும்பாலும் ஒரே வடிவில் வந்தது. கூலி நாள், தள்ளாடும் கணவன், அழும் மனைவி, முடிவில் ஓர் அறிவுரை. நோக்கம் தூயது. எனினும் அக்கதைகள் கடையின் வாசலோடு நின்றுவிட்டன. உள்ளே அமர்ந்தவன் யாரோடு அமர்ந்தான், அன்று எத்தனை மரம் சீவினான், தோள் எவ்வாறு வலித்தது, ஊரிலிருந்து கடிதம் வந்து எத்தனை மாதம் ஆயிற்று என்பனவற்றை அவை கேட்கவில்லை. விதிவிலக்கான எழுத்துகள் இல்லாமல் இல்லை. பொதுப்போக்கு அதுவே. விலக்க வேண்டிய பொருளையும் உற்றுநோக்கிய பிறகே விலக்கவேண்டும் என்பதைப் பன்றி புரண்ட சேற்றைப் பாடிய புலவரிடம் இவர்கள் கற்றிருக்கலாம்.

வகுப்பறையில் இச்சிக்கல் வேறு வடிவில் எழுகின்றது. ஆற்றுப்படையைக் கற்பிக்கும் ஆசிரியர் கள் வரும் அடிகளைத் தாண்டிச் செல்வதுண்டு. 'ஒருவகைப் பானம்' என்று மழுப்புவதும் உண்டு. திருக்குறளின் கள்ளுண்ணாமை அதிகாரத்தோடு முரண்படுமே என்ற அச்சமும், பெற்றோர் என்ன நினைப்பரோ என்ற தயக்கமும் இதற்குக் காரணம். தயக்கம் இயல்பானது. முரண்பாடு பற்றிய அச்சம் மட்டும் ஆராய்ச்சியின் முன் நிற்பதன்று.

கள்ளுண்ணாமை திருக்குறளின் 93ஆம் அதிகாரம். வரைவின் மகளிர் 92, சூது 94. இவ்வரிசையை நோக்குக. மூன்றும் பொருட்பாலில், பொருளையும் புகழையும் அழிப்பனவாக அடுத்தடுத்து வைக்கப்பட்டுள்ளன. பொருளைக் கொடுத்துத் தன்னையே மறக்கும் நிலையைப் பெறுதல் அறியாமை என்று வள்ளுவர் ஒரு குறளில் எடுத்துக்காட்டும்போது, அவர் கண்முன் இருப்பது விலைக்கு வாங்கப்பட்ட கள். பெரும்பாணன் பெற்ற நறும்பிழிக்கு விலையில்லை, அது விருந்து. அதியமான் இறந்தபோது ஔவையார் பாடிய புறநானூற்று 235ஆம் பாட்டிலும், சிறிதளவு கள் கிடைத்தால் அவன் என்ன செய்தான், பெரிதளவு கிடைத்தால் என்ன செய்தான் என்ற நினைவே இழப்பின் முதற்சொல்லாக வருகின்றது. அங்கும் கள் பகிர்வின் அடையாளம். சங்கப் பாட்டுக்கும் குறளுக்கும் இடையே மாறியது ஒழுக்கம் மட்டுமன்று. கள் கைமாறும் முறையே மாறிற்று.

இதற்குத் தடை கூறுவாரும் உளர். பெரும்பாணாற்றுப்படையிலேயே, கவர்ந்துவந்த ஆவைக் கள்ளுக்கு விலையாகக் கொடுக்கும் மறவர் வருகின்றனரே என்பர். உண்மைதான். அது அம்மறவர் தம்முள் நடத்திய வாணிகம். வழிவந்த பாணனிடம் எவரும் விலை கேட்கவில்லை. இன்னும் வலிய சான்று அதே புலவரிடம் உள்ளது. உருத்திரங்கண்ணனாரே பாடிய பட்டினப்பாலையில், காவிரிப்பூம்பட்டினத்தின் பலவகைக் கொடிகளுக்கு நடுவே கள் விற்பனையை அறிவிக்கும் கொடியும் பறக்கிறது. சிற்றூரிற் சுட்ட மீனோடு வந்த கள், கப்பல் வந்து தங்கும் நகரத்திற் கொடியேற்றி விற்கப்படுகின்றது. ஒரே புலவர் இரண்டையும் கண்டார். விருந்துக்கும் விற்பனைக்கும் இடையேயுள்ள தூரம், ஒரு குடியிருப்புக்கும் ஒரு துறைமுகத்துக்கும் இடையேயுள்ள தூரமே. சிங்கப்பூரும் துறைமுகமே. ஆகவே சுவைநடைக்கு முன்னோடியைத் தேடுவோர் ஆற்றுப்படையின் சாடியை விட்டுப் பட்டினப்பாலையின் கொடியை நாடுவதே பொருத்தம்.

ஆற்றுப்படையில் வழிகாட்டுபவன் தானே பசித்திருந்து உண்டு வந்தவன். கேட்பவன் இன்னும் பசித்திருப்பவன். சுவைநடையில் வழிகாட்டி ஊதியம் பெறுபவர். உடன் வருவோர் பசி தீர்ந்த பின் பொழுது போக்க வருவோர். இதனால் சுவைநடை குற்றமுடையதாகிவிடாது. உழைத்துப் பெற்ற பணத்தில் ஒருவர் அளவோடு சுவைப்பதைத் திறனாய்வாளர் தடுக்க வேண்டியதில்லை. எனினும் ரேஸ் கோர்ஸ் சாலையில் அந்நடை வந்து நிற்கும்போது, வழிகாட்டி ஒன்று சொல்லவேண்டும்.

2013 டிசம்பர் 8ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை இரவு, ரேஸ் கோர்ஸ் சாலையும் ஹாம்ப்ஷியர் சாலையும் கூடுமிடத்தில், தமிழகத்திலிருந்து வந்த கட்டுமானத் தொழிலாளர் ஒருவர் பேருந்தின் அடியில் அகப்பட்டு உயிரிழந்தார். அதனைத் தொடர்ந்து கலவரம் மூண்டது. விசாரணைக் குழு 2014இல் அளித்த அறிக்கை, விபத்தையும், மீட்புப் பணி பற்றிக் கூட்டத்தில் எழுந்த தவறான எண்ணத்தையும், மதுவையும் காரணங்களாகக் கண்டது. 2015 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்த சட்டம், இரவு 10.30 முதல் காலை 7 மணி வரை தீவு முழுவதும் பொது இடங்களில் மது அருந்துவதைத் தடுத்தது. லிட்டில் இந்தியாவும் கேலாங்கும் தனிக் கட்டுப்பாட்டு வட்டாரங்களாயின; வார இறுதி முழுவதும் அங்குத் திறந்தவெளியிற் குடிக்கலாகாது என்றாயிற்று. சட்டம் எல்லார்க்கும் ஒன்றே. ஆனால் ஞாயிற்றுக்கிழமையன்று, உரிமம் பெற்ற கடைக்குள் குளிர்காற்றில் அமர்ந்து அரைக்குவளையைச் சுழற்றி மோந்து பார்ப்பவர் சுவைஞர் எனப்படுகிறார். புல்தரையில் நண்பரோடு அமரும் தொழிலாளி குடிகாரர் எனப்படுகிறார். இரண்டு சொற்களுக்கும் இடையே இருப்பது ஒரு கூரை. அக்கூரைக்கு ஒரு விலை. மொழியைக் கற்பிப்போர் இச்சொல் வேறுபாட்டைக் கண்டும் காணாமல் இருத்தல் இயலாது.

அத்தொழிலாளர் தம் வழியைத் தாமே பாடவும் தொடங்கியுள்ளனர். 2014இல் வங்காள மொழியில் தொடங்கிய வெளிநாட்டுத் தொழிலாளர் கவிதைப் போட்டி, பின்னர்த் தமிழ் எழுதுவோரையும் ஏற்றது. வந்த வழியையும், பட்ட கடனையும், விடுதியின் இரவையும் பாடுவோர் வறிய கலைஞர் என்ற பழைய இலக்கணத்துக்கு மற்றெவரினும் நெருங்கியவர். அவர்கள் எதிரே வருவோர்க்கு எதனைச் சொல்லி வழிப்படுத்துவர் என்பது தனி ஆய்வுக்குரிய பொருள்.

சிங்கப்பூரின் தெருக்களை நடந்து பார்த்துத் தமிழிற் பாடிய மரபும் புதியதன்று. 1893இல் நா. வ. ரங்கசாமி தாசன் வெளியிட்ட 'அதிவிநோத குதிரைப் பந்தய லாவணி', பந்தயம் காணச் செல்லும் மக்களையும் தெருக்காட்சிகளையும் பாடியது. பந்தயத் திடல் அன்று பேரர் பார்க்கில் இருந்தது. 1933இல் புக்கித் தீமாவுக்கு இடம்பெயர்ந்தது. ரேஸ் கோர்ஸ் சாலை என்ற பெயர் மட்டும் தங்கிற்று. எருமைகளும் மாடுகளும் நின்ற நிலத்துக்கு கெர்பாவ் சாலை, பஃபலோ சாலை, லெம்பு சாலை என்று பெயர்கள் தங்கியவாறே.

ஆகவே உயர்நிலை வகுப்பு மாணவரைத் தேக்காவிலிருந்து பேரர் பார்க் வரை ஒரு காலை அழைத்துச் செல்லும் ஆசிரியர்க்கு, பாடநூல் இரண்டு கையில் உண்டு: லாவணி ஒன்று, பெரும்பாணாற்றுப்படை மற்றொன்று. சந்தையில் ராகி வில்லை ஒன்றை வாங்கி மாணவர் கையிற் கொடுத்து, அதன் புறத்தைப் பார்க்கச் சொல்லிவிட்டு, வலைஞர் குடிப் பகுதியைப் படிக்கலாம். ஏறக்குறைய எட்டு அடிகள். ஒரு பாடவேளைக்குள் முடியும்.